தகவல் சொல்லுதோம்

எங்க கருக்கன்விளைக்குக் கழுதைங்க விருந்தாளியா வந்தப்போ ஊருக்குள்ள வந்த முதல் சண்டை, கழுதை எப்படிப் பேசும்ங்கிறதப் பத்தி இல்ல. கழுதை 'வந்துச்சு'ன்னு சொல்லணுமா 'வந்தாவ'ன்னு மரியாதையாச் சொல்லணுமாங்கிறதப் பத்தித்தான். பேசுறது என்ன பெரிய விஷயம்? கிளி பேசுது, ரேடியோ பேசுது, எங்க வார்டு மெம்பரு மைக்கப் பிடிச்சா வெயில் சாயுற வரைக்கும் பேசுதாரு. தேரிக்கு அந்தப் பக்கம் குதிரைமொழின்னே ஒரு ஊரு இருக்கு, அந்தப் பேர வச்சவன் எதைக் கேட்டுட்டு வச்சானோ யாரு கண்டா. அதனால, ஒரு காலை நேரம், ஏழெட்டுக் கழுதைங்க குட்டிகளோட டீக்கடை முன்னால வந்து நின்னு, அதுல மூத்தது முன்னால வந்து, "பலவேசம் வீட்டுக்கு எப்படிப் போகணும்?"னு கேட்டப்போ, அங்க நின்ன ஆளுங்க அம்மன் கோயிலத் தாண்டி இடது கைப் பக்கம், பச்சைக் கதவு போட்ட வீடுன்னு வழி சொல்லிட்டு, மிச்ச டீயக் குடிச்சாவ.

பலவேசம் அண்ணாச்சி எங்க ஊரு கல்யாணத் தரகரு. கையில குடை, கக்கத்துல மஞ்சப்பை, வாயில எந்நேரமும் ஒரு நல்ல சேதி. அந்த ஆடி மாசம் ஒரு பொண்ணு பாக்குற காரியமாப் போயிட்டு, பஸ்ஸ விட்டுட்டு, குறுக்கால போயிரலாம்னு தேரிக்குள்ள எறங்கிட்டாரு. தேரியப் பாக்காதவங்களுக்குச் சொல்லுதேன், அது செக்கச்செவேல்னு கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் மணல், ஆடிக் காத்து வீசுச்சுன்னா இன்னைக்கு இங்கன இருக்கிற மேடு நாளைக்கு அங்கன இருக்கும், நேத்துப் போன வழி இன்னைக்கு இருக்காது. அதுல வழி தப்பி, நாக்கு வறண்டு, ஒரு உடைமரத்தடியில சுருண்டு கெடந்தவர, கழுதைங்க வந்து எழுப்பி, மணலக் காலால பறிச்சு ஊத்துத் தண்ணி காட்டி, பனம்பழம் பொறுக்கிக் கொடுத்து, காத்து அடங்குற வரைக்கும் கூடவே வச்சிருந்து பாத்துக்கிட்டுது.

உயிரக் காப்பாத்துனதுக்கு நன்றி சொல்லுவாருன்னு பாத்தா, திரும்பி வந்த மனுசன் டீக்கடையில உக்காந்து ஒரே புலம்பல். தண்ணி நல்ல தண்ணிதானாம், ஆனா கேள்வி கேட்டே ஆள ஒரு வழி பண்ணிருச்சுங்களாம். நீங்க என்ன வேலை செய்திய்யன்னு கேட்டுருக்கு. இவரும் பெருமையா, ஆணையும் பொண்ணையும் சேத்து வைக்கிற வேலைன்னுருக்காரு. ரெண்டு பேரு சேந்து இருக்கப் போறாவ, சரி, அந்த ரெண்டு பேர விட்டுட்டு மத்த எல்லாரும் எதுக்கு உக்காந்து பேசுதாவன்னு கேட்டுருக்கு. பொறந்த நேரத்துல வானத்துல எது எங்க நின்னுச்சுன்னு பாக்கியளே, தரையில யாரு எப்படி நிக்கான்னு பாப்பியளான்னு கேட்டுருக்கு. பொண்ணோட கட்டிலு, பீரோ, அண்டா குண்டா எல்லாம் கூடப் போகும்னு இவரு சொன்னதுக்கு, அப்போ அந்த வீட்ல அதுவரைக்கும் எதுல சமைச்சுத் தின்னாவ, எதுல படுத்தாவன்னு கேட்டுருக்கு. கேலியா கேட்டாலும் பரவாயில்ல, திருப்பி ரெண்டு வாங்கு வாங்கலாம். நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு காது ரெண்டையும் முன்னால நீட்டிக்கிட்டுக் கேட்டா என்ன செய்ய? அது அப்படித்தான்னு இவரு சொன்னா, எப்படித்தான்னு கேக்குமாம்.

இதெல்லாம் சொன்ன மனுசன், ஒண்ண மட்டும் சொல்லாம விட்டுட்டாரு. கெளம்பும்போது, நாம எல்லாரும் எல்லார்ட்டயும் சொல்லுற மாதிரி, ஒரு நாள் குடும்பத்தோட நம்ம ஊருக்கு வாங்க, வந்து ஒரு மாசம் தங்கிட்டுப் போங்கன்னு அதுங்ககிட்ட சொல்லிட்டு வந்துருக்காரு. அதுங்க குடும்பத்தோட வந்துருச்சு.

இப்போதான் அந்தச் சண்டை. பஞ்சாயத்து போர்டுல அறிவிப்பு எழுதுற பையன், 'நமது ஊருக்குக் கழுதைகள்'னு எழுதிட்டு, அதுக்கு மேல எப்படி முடிக்கணும்னு தெரியாம சாக்பீஸோட நின்னான். பள்ளிக்கூடத்துத் தமிழ் சாரக் கூட்டிட்டு வந்தாவ. அவரு மூக்குக்கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு, பகுத்தறிவு இருந்தா உயர்திணை, இல்லாட்டி அஃறிணை, இலக்கணத்துல வேற பேச்சே கிடையாதுன்னுட்டாரு. வாலு இருக்கேன்னு ஒருத்தன் கேட்டான். வாலப் பத்தி இலக்கணம் ஒண்ணும் சொல்லலன்னாரு சார். ஆக, கழுதைங்க அன்னையிலருந்து எங்க ஊர்ல 'வந்தாவ'. நானும் இனிமே அப்படித்தான் சொல்லுவேன்.

அப்போ கீழத்தெரு மாரியப்பன், கூட்டத்துக்குப் பின்னால நின்னவன், என்னைய இன்னும் இந்த ஊர்ல 'வந்தான் போனான்'னுதான் சொல்லுதாவ, எம் பேரன் வயசுப் பயலுவளும் அப்படித்தான் கூப்பிடுதானுவன்னு சொன்னான். யாருக்கும் காது கேக்கல. மூத்த கழுதை மட்டும் மாரியப்பனக் காட்டி, அவரு உயர்திணைதானன்னு தமிழ் சார்ட்ட விசாரிச்சாவ. சாரு, ஆமாம்மா, அதுல என்ன சந்தேகம்னாரு. அப்போ இங்க இலக்கணம் படிக்காதது யாருன்னு அவிய அடுத்த கேள்வியக் கேட்டதும் சாருக்குப் பள்ளிக்கூடத்து மணி அடிக்கிற நேரம் ஞாபகம் வந்துட்டுது.

அந்த மூத்த கழுதைக்குப் பேரு உடைமரத்தா. உடைமரத்தடியில பொறந்ததால அந்தப் பேராம். சாம்பல் நெறம், ஒரு காது நுனி கிழிஞ்சிருக்கும், நிதானமான பேச்சு. எந்தத் தெருவுல தங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணணும்லா, அதனால எங்க ஆளுங்க நைசா, நீங்க என்ன ஆளுங்கன்னு கேட்டாவ. ஆளுங்க இல்லியே, கழுதைங்கன்னாவ உடைமரத்தா. அது தெரியுது, அதுக்குள்ள என்ன ஆளுங்கன்னு மறுபடியும் கேட்டாவ. அவிய ரொம்ப நேரம் யோசிச்சு, தன்னோட வயித்தக் குனிஞ்சு பாத்துட்டு, அதுக்குள்ள பனம்பழம்தான் இருக்குன்னாவ. கடைசியில, எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாம ஊருக்கு வெளிய கட்டிப் போட்ட சமுதாய நலக்கூடத்துல தங்க வச்சாவ. எல்லாத் தெருவுக்கும் பொதுங்கிறதாலயே எந்தத் தெருக்காரங்களும் எட்டிப் பாக்காத அந்தக் கூடத்துல, கட்டுன நாளு முதலா எறங்குன மொத குடும்பம் அதுதான்.

அவியளால ஒரு தொந்தரவும் இல்ல. தெருவ அசிங்கம் பண்ணல, ஒரு செடியக் கேக்காமத் தின்னல. ஒரே ஒரு கோளாறுதான். நாம சொன்னா அவிய நம்பிருவாவ. வழியில பாத்தா வீட்டுக்கு வாங்கன்னு சொல்லுவோம்லா, வந்துருவாவ. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கன்னா, இருந்து சாப்பிட்டுட்டுப் போவாவ. இத உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்கன்னு மளிகைக்கடைக்காரரு சொல்லித் தொலைச்சுட்டு, ரெண்டு குட்டிங்க அவரு அடுப்படியில படுத்துக் கெடந்ததப் பாத்து, அன்னைக்குச் சமையலத் திண்ணையில வச்சுக்கிட்டாரு. தெருவிளக்கு எரியலன்னு மனு கொடுக்கப் போனவங்ககிட்ட மெம்பரு, நாளைக்கு வாங்கன்னாரு. கூடப் போயிருந்த உடைமரத்தா மறுநாள் காலையில போயி நின்னாவ. திரும்பவும் நாளைக்கு வாங்கன்னாரு. திரும்பவும் போயி நின்னு, நேத்து நீங்க சொன்ன நாளைக்கு இதுதானே, வேற நாளைக்கு ஒண்ணு இருக்குதான்னு விசாரிச்சாவ. கோவமே கெடையாது அந்தக் கேள்வியில. அதுதான் தாங்கல அவரால, அன்னைக்கு சாயங்காலமே விளக்கு எரிஞ்சுது.

பெறகு கேக்கணுமா? எவன் எவன் எதுக்கு வாக்குக் கொடுத்தானோ அவன் வீட்டு வாசலுக்கெல்லாம் சனங்க கழுதையோட போயி நிக்க ஆரம்பிச்சுட்டாவ. ஊரு பேச்சே மாறிப்போச்சு. வாங்கன்னு சொல்லுமுன்ன வீட்ல சோறு இருக்கான்னு பாத்துக்கிட்டோம். பாக்கலாம், செஞ்சுரலாம், நமக்குள்ள என்ன, இந்த மாதிரி வார்த்தைய எல்லாம் வாய்க்குள்ளயே முழுங்கிக்கிட்டோம். நானே எங்க நாத்தனாரு ஃபோன் பண்ணி வரட்டுமான்னதுக்கு, பழக்கதோஷத்துல தாராளமா வாங்கன்னு சொல்ல வாயெடுத்து, உடைமரத்தா எதுத்தாப்புல நிக்கிறதப் பாத்துட்டு, இந்த மாசம் முடியாது தாயின்னுட்டேன். அவளும் அப்பாடான்னு சொல்லி வச்சுட்டா, அவளுக்கும் வர இஷ்டம் இல்லியாம்.

இப்போ தங்கபுஷ்பத்தப் பத்திச் சொல்லணும். இத்தனையும் நான் சொல்ல வந்தது அவளுக்காகத்தான்.

எங்க எதுத்த வீடு. ரேஷன் கடையில சேல்ஸ்மேன் வேலை, பொம்பளையா இருந்தாலும் அதுக்கு அதுதான் பேரு. முப்பத்தஞ்சு தாண்டிருச்சு. அப்பன் ஆத்தா போயிச் சேந்த பெறகு அண்ணன் லிங்கதுரை வீட்லதான் இருந்தா. இருந்தான்னு சொல்லுறது பேச்சுக்கு. அந்த வீடு நின்னதே அவ சம்பளத்துலதான். லிங்கதுரை செல்போன் கடை வச்சான், கோழிப்பண்ணை வச்சான், ஒவ்வொண்ணா வச்சு ஒவ்வொண்ணா மூடிட்டு, மடிப்புக் கலையாத சட்டையோட டீக்கடை பெஞ்சுல உக்காந்திருப்பான். நல்லவன் மாதிரிதான் பேசுவான். எந் தங்கச்சிக்கு ஒரு நல்லது நடந்துட்டா நான் நிம்மதியாக் கண்ண மூடிருவேன்னு அவன் சொல்லுறப்போ, கேக்குற நாமளே அவனுக்கு ஆறுதல் சொல்லுவோம்.

இருபத்திரண்டு வயசுலருந்து அவளப் பொண்ணு பாக்க வாராவ. பஜ்ஜி நான்தான் போட்டுக் கொடுப்பேன், கேசரி அவ மதினி கிண்டுவா. இவ பட்டுச்சேலையக் கட்டி, தட்டத் தூக்கிட்டு வந்து, குனிஞ்ச தலை நிமிராம எல்லாருக்கும் கொடுத்துட்டு உள்ள போயிருவா. அவிய தின்னு முடிச்சு, கைய வேட்டியில தொடச்சுக்கிட்டு, ஒண்ணு போல ஒரே வார்த்தையச் சொல்லுவாவ: ஊருக்குப் போயித் தகவல் சொல்லுதோம். ஒருத்தரும் சொன்னதில்ல. வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. இவ போன் அடிக்கிறப்போ எல்லாம் அடுப்படியிலருந்து எட்டிப் பாப்பா, பெறகு எட்டிப் பாக்குறதையும் விட்டுட்டா. ஊருக்கு வாயா வலிக்குது? ஜாதகத்துல ஏதோ இருக்குன்னாவ, நெறம் பத்தாதுன்னாவ, நடக்கும்போது ஒரு காலு லேசாச் சாயுதுன்னுகூட ஒருத்தி சொன்னா. அதக் கேட்டதுலருந்து இவ ஒழுங்கான காலையும் எண்ணி எண்ணி வச்சு நடக்க ஆரம்பிச்சா. ஒரு நாள் எங்கிட்டயே கேட்டா, "யக்கா, எங்கிட்ட என்னதான் கொறை? உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." நான் என்னத்தச் சொல்ல, போடின்னு சொல்லி அழுதேன்.

கழுதைங்களுக்கு அவள ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மொத நாளு சீனி நாளைக்கு வரும்னு எல்லார்ட்டயும் சொல்லுற மாதிரி அவியகிட்டயும் சொல்லிருக்கா. மறுநாள் வந்து நின்னதும், தப்பு எம்மேலதான், எப்போ வரும்னு எனக்கே தெரியாது, லாரி வந்தாத்தான் தெரியும்னுட்டா. எங்க ஊர்ல கழுதைங்ககிட்ட அப்படி ஒத்துக்கிட்ட மொத ஆளு அவதான். அதுலருந்து மத்தியானம் கடை ஓஞ்சிருக்கிற நேரம் உடைமரத்தா கடை நெழல்ல வந்து நிப்பாவ, ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருப்பாவ.

அப்படி ஒரு மத்தியானம், நானும் கோதுமை வாங்கப் போயிருந்தேன், பலவேசம் அண்ணாச்சி குடைய மடக்கிக்கிட்டு வந்து, வெள்ளிக்கிழமை ஒரு பார்ட்டி வருது, நல்ல எடம், ரெடியா இருன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு போனதும் இவ மொகம் செத்துப்போச்சு. எதுக்குப் பார்ட்டி, என்ன ரெடின்னு உடைமரத்தா கேட்டாவ. இவ சொன்னா. முன்னால வந்தவங்க என்ன சொன்னாவன்னு கேட்டாவ. தகவல் சொல்லுதோம்னு சொன்னாவன்னா. சொன்னாவளான்னு கேட்டாவ. இல்லன்னா. நீங்க கேட்டியளான்னு கேட்டாவ. பொண்ணு வீட்லருந்து கேக்கக்கூடாது, கேட்டா மதிப்புக் கொறைஞ்சுரும்னு நான் நடுவுல விழுந்து பதில் சொன்னேன். உடைமரத்தா என்னப் பாத்து, கேக்காம இருந்ததுல கூடியிருக்கான்னு கேட்டாவ. நான் கோதுமைப் பையக் கட்டுற சாக்குல குனிஞ்சுக்கிட்டேன்.

தங்கபுஷ்பம் தராசுத் தட்டத் தொடச்சு வச்சுட்டு, "நீங்க போயிக் கேட்டுட்டு வருவியளா? என்ன கொறைன்னு தெரிஞ்சா போதும். அது தெரியாம நான் இனிமே தட்டத் தூக்க மாட்டேன்"னு சொன்னா.

கேக்குறதுக்கு என்ன, வாய் இருக்குல்லான்னு உடைமரத்தா உடனே ஒத்துக்கிட்டாவ.

வீடு காட்ட பலவேசம் வேணும். அவருக்கு அன்னைக்குப் பாத்து முட்டிவலி. அப்போ எம் முதுகுல ஏறிக்கிடுங்கன்னாவ உடைமரத்தா, நல்ல மனசோடதான் சொன்னாவ. ஒரு மனுசன கழுதை மேல ஏத்தி ஊரச் சுத்த விடுறது எதுக்குன்னு எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா முட்டிவலின்னு சொன்னது அவரு வாயிதான, அத எப்படி மாத்த? குடைய விரிச்சு மொகத்த மறைச்சுக்கிட்டு ஏறி உக்காந்தாரு. லிங்கதுரை ஓடிவந்து, குடும்ப மானத்த வாங்காதியன்னு கழுதையப் பாத்துக் கத்துனான், பெறகு தங்கச்சியப் பாத்துக் கத்துனான், பெறகு கத்துறத விட்டுட்டு அண்ணாச்சியப் பாத்துக் கண்ணக் காட்டுனான். குடைக்குள்ள இருந்த மனுசன் என்னத்தப் பாத்தாரோ.

அவிய ஊரு ஊராப் போனாவ. உடன்குடி, மெஞ்ஞானபுரம், ஏரல், ஆறுமுகநேரின்னு பொண்ணு பாக்க வந்தவங்க வீடு எங்கெல்லாம் இருந்துச்சோ அங்கெல்லாம் போயி வாசல்ல நின்னு, நீங்க தகவல் சொல்லுதோம்னு சொன்னியளாம், என்ன தகவல்னு கேட்டுட்டு வந்தாவ. கேட்ட எடத்துல எல்லாம் கழுதை பேசுதேன்னு யாரும் பதறலியாம். இத்தனை வருசம் கழிச்சு வந்து கேக்காவளேன்னுதான் பதறுனாவளாம்.

திரும்பி வந்த அன்னைக்கு ரேஷன் கடையில அரிசி போட்டுக்கிட்டிருந்தா. ஊரே பையோட வரிசையில நிக்கி. உள்ள போயிப் பேசுவோமான்னு பலவேசம் கையப் பெசஞ்சாரு. தங்கபுஷ்பம் சொன்னா, "எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. இத்தனை நாளும் எல்லாரு முன்னாலயும்தான நின்னேன்."

உடைமரத்தா ஒவ்வொரு வீடாச் சொன்னாவ, கூட்டாம குறைக்காம, கேட்டது கேட்டபடி. ஒரு வீட்ல, மாப்பிள்ளையவிட பொண்ணு ஒரு விரக்கடை ஒசரம், பையனுக்கு வெக்கமாப் போச்சாம். ஒரு வீட்ல, வேற எடம் முன்னாலயே பேசி முடிச்சாச்சாம், வாடகைக்கு எடுத்த வண்டி சும்மா நிக்கேன்னு வந்துட்டுப் போனாவளாம். ஒரு வீட்ல, கவர்மெண்டு வேலை பாக்குற பொண்ணு எதுத்துப் பேசும்னு பயந்துட்டாவளாம். இன்னொரு வீட்ல யாருக்கும் எந்த ஊரு, எந்தப் பொண்ணுன்னு ஞாபகமே இல்லியாம்; பஜ்ஜி மட்டும் நல்லா இருந்துச்சுன்னு ஒரு பெரியவரு சொன்னாராம். நான் போட்ட பஜ்ஜி. எனக்கு அங்கனயே மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. வரிசையில நின்னதுல ஒருத்தி மெதுவா, அப்போ காலு சாயுதுன்னு எவனும் சொல்லலியான்னா. காலப் பத்தி யாரும் பேசலன்னாவ உடைமரத்தா.

தங்கபுஷ்பம் எடை போட்டுக்கிட்டே கேட்டா. ஒவ்வொண்ணு கேக்கக் கேக்க அவ மொகம் தெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன், பொய் சொல்லல.

"ஆறுமுகநேரியில மட்டும் கொஞ்சம் வேற மாதிரி"ன்னாவ உடைமரத்தா. "அவங்க தகவல் சொல்லிட்டாவ."

உப்பளத்துல மேஸ்திரி வேலை பாக்குற பையன். அவனுக்குப் பொண்ணப் பிடிச்சுப் போச்சாம். அவன் ஆத்தா அடுத்த வாரமே பூவும் பழமும் வாங்கிக்கிட்டுப் பஸ் ஏறி வந்துருக்கா. எங்க ஊரு பஸ் ஸ்டாப்புலயே லிங்கதுரையும் பலவேசமும் அந்தம்மாவப் பாத்துப் பேசி, ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டாவளாம். சொல்லிட்டு உடைமரத்தா திரும்பி, வரிசைக்கு அந்தப் பக்கம் நின்ன லிங்கதுரையப் பாத்து, ரெண்டு காதையும் முன்னால நீட்டி, உண்மையாவே தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆசையில கேட்டாவ:

"வீட்ல பேசிட்டுத் தகவல் சொல்லுதோம்னு அவங்ககிட்ட சொன்னியளாம். இன்னும் பேசி முடியலையா?"

பலவேசம் குடையோட கைப்பிடியத் தடவிக்கிட்டிருந்தாரு. நான் ரெண்டு பக்கத்துக்கும் வேண்டியவன், பொண்ணோட அண்ணன் பொறுங்கன்னா நான் பொறுக்கணும்லான்னு முணுமுணுத்தது எனக்கே அரைகுறையாத்தான் கேட்டுச்சு. லிங்கதுரை மடிப்புக் கலையாத சட்டையோட அப்படியே நின்னுச்சு. மன்னிக்கணும், நின்னான். எனக்கு வந்த ஆத்திரத்துல இலக்கணம் தப்பிருச்சு.

"நான் வேண்டாம்னு ஒண்ணும் சொல்லலியே"ன்னான்.

உடைமரத்தா அத யோசிச்சுப் பாத்துட்டு, ஆமா, சொல்லலன்னு ஒத்துக்கிட்டாவ.

தங்கபுஷ்பம் தராசுல இருந்த அரிசிய வரிசையில முன்னால நின்னவ பைக்குள்ள சரியாக் கொட்டி முடிச்சா. கையத் தட்டிக்கிட்டா. ஆறுமுகநேரிக்காரன் இப்போ எப்படி இருக்கான்னு அவ கேக்கல, அவரு எப்படி இருக்காருன்னு கேட்டா. கல்யாணம் ஆகி, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு, நல்லா இருக்காருன்னாவ உடைமரத்தா. பெறகு, "நாங்க கெளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து ஒரு விஷயம் கேட்டாரு. அப்போ எங்கிட்ட என்ன கொறை கண்டாவன்னு அந்த வீட்ல விசாரிச்சுச் சொல்லுவியளான்னு கேட்டாரு"ன்னாவ.

அப்போதான் அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. இத்தனை வருசமும் அந்த மனுசனும் தன்னத்தான் கண்ணாடியில திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்திருக்கான். முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டு, "ஒண்ணும் இல்லன்னு சொல்லிருங்க. ஒரு கொறையும் இல்லன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க"ன்னா. போற வழிதான், சொல்லிருதோம்னாவ உடைமரத்தா. சொல்லிருப்பாவ, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

வெள்ளிக்கிழமை வர இருந்தவங்களுக்கு அவளே ஃபோன் போட்டு, வரவேண்டாம், எனக்கு இப்போ விருப்பம் இல்லன்னு சொல்லிட்டா. இப்படி நேராச் சொல்லிட்டியே தாயின்னு அந்தப் பக்கம் சந்தோஷப்பட்டாவளாம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடைக்கு மாத்தல் ரொம்ப நாளாவே வருது வருதுன்னு இருந்துச்சு, அண்ணன் பேச்சக் கேட்டு இவதான் வேண்டாம்னுட்டு இருந்தா. இப்போ சரின்னுட்டா. அந்த வீட்ல அடுத்து வந்த நாட்கள்ல எவ்வளவோ பேச்சு நடந்துச்சு. லிங்கதுரை அழுதான், அவன் பொண்டாட்டி சாப்பிடாமக் கெடந்தா, உன்ன விட்டா எங்களுக்கு யாரு இருக்கான்னு ரெண்டு பேரும் கேட்டாவ. அது நெசந்தான், பொய்யில்ல. இவளும் அது நெசம்னு ஒத்துக்கிட்டா. ஒத்துக்கிட்டுத் துணிய மடிச்சு வச்சா.

கழுதைங்க சொன்னபடி ஒரு மாசம் தங்கி முடிச்சு அவிய கெளம்புன அன்னைக்கே இவளும் கெளம்புனா. டிரங்குப் பெட்டி கனமா இருந்துச்சு. பஸ்ஸு ரோடு வரைக்கும் சுமக்கச் சம்மதமா, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்கன்னு உடைமரத்தாகிட்டக் கேட்டா. கழுதைகிட்ட சுமக்கச் சம்மதமான்னு கேட்ட ஒரு ஆள நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அவியளும் அப்படித்தான் நெனச்சிருப்பாவ போல, பெட்டிய வாங்குறதுக்கு முன்னால ஒரு நிமிசம் அவளையே பாத்துக்கிட்டு நின்னாவ.

தெருவுல எல்லா வீட்டு வாசல்லயும் ஆளு. காலை வெயிலு. லிங்கதுரை கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னான், சட்டை கசங்கிப் போயிருந்துச்சு, சவரம் பண்ணல. பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு, என்ன செய்ய, கூடப் பொறந்தவன்லா. இவ செருப்பப் போட்டுக்கிட்டு, பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, வாசப்படி எறங்கி நின்னு, அவன நிமிந்து பாத்து, "போறேன்"னா.

எங்க ஊர்ல மூலைக்கடைக்கு உப்பு வாங்கப் போற பிள்ளைகூட அந்த வார்த்தையச் சொல்லாது. சொன்னா, வாயிலயே ஒண்ணு போட்டுத் திருத்தச் சொல்ல நாலு பொம்பளைங்க இருப்போம். அன்னைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் அங்கனதான் நின்னோம். யாரும் வாயத் தொறக்கல.

லிங்கதுரைதான் கேட்டான், கூட நிக்கிற எங்களுக்கே சரியாக் கேக்காத கொரல்ல. "வாரேன்னு சொல்லிட்டுப் போ, பிள்ள."

அவ உடனே மாட்டேன்னு சொல்லல. அந்த வார்த்தைய நெசமாவே யோசிச்சுப் பாத்தா. அவ யோசிக்கிற வரைக்கும் கழுதைங்களும் பெட்டியோட பொறுமையா நின்னாவ. யோசிச்சு முடிச்சுட்டு, சொல்லாமலே நடந்தா.